'டின்னர் ஃபார் ஒன்': சிரிப்பு வராம உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தானா?

நெக்கர்_கரை:
ஸ்டுட்கார்ட் வந்து ரெண்டாவது வருஷம். போன டிசம்பர் 31 ராத்திரி பக்கத்து வீட்டு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. மேசை நடுவுல ராக்லெட் அடுப்பு, சீஸ் உருகிட்டு இருக்கு. திடீர்னு எல்லாரும் கரண்டியை வெச்சுட்டு டிவி பக்கம் திரும்பிட்டாங்க. 'டின்னர் ஃபார் ஒன்'னு ஒரு கருப்பு வெள்ளை காமெடி நாடகம், 18 நிமிஷம். 1963ல ஹாம்பர்க்ல எடுத்ததாம். ஆரம்பத்துல ஒருத்தர் ஜெர்மன்ல விளக்குறதோட சரி, மிச்சம் பூரா இங்கிலீஷ்!

மிஸ் சோஃபிக்கு 90வது பிறந்தநாள். விருந்தாளிங்க நாலு பேரும் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க நாற்காலி, தட்டு, கிளாஸ் மட்டும் இருக்கு. வேலைக்காரர் ஜேம்ஸ்தான் நாலு பேருக்கும் பதிலா குடிக்கணும். ஷெர்ரி, ஒயிட் ஒயின், ஷாம்பெயின், போர்ட்னு நாலு ரவுண்டு. பதினாறு கிளாஸ். நடுவுல பூச்சாடித் தண்ணியையும் குடிச்சுடுறார்.

வீட்ல எல்லாரும் வசனத்தைக் கூடவே சொல்லிச் சிரிக்கிறாங்க. குடிச்சுட்டு வாசப்படியில தடுக்கி விழுற பெரியப்பாவைத் தூக்கி உட்கார வெச்சே வளர்ந்தவன் நான். எனக்கு வரலை. இதுல என்னதான் இருக்கு?

பழைய_ரீல்:
ப்ரோ, குடியை விடுங்க, கீழே கிடக்குற புலித்தோலைப் பாருங்க. ஜேம்ஸ் அந்தப் புலித்தலையில 11 தடவை தடுக்குறார். நான் எண்ணியிருக்கேன். காமெடி தடுக்குறதுல இல்ல. ஒரு தடவை தடுக்காம போயிடுவார், போனவர் நின்னு திரும்பி 'என்னடா இது'ன்னு புலியைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் வருஷா வருஷம் பார்க்குறேன். ஜேம்ஸா நடிச்ச ஃப்ரெடி ஃப்ரின்டன் இதை இங்கிலாந்து மேடைகள்ல பல வருஷம் போட்டுப் போட்டுத் தேய்ச்சவர். ஜெர்மன்காரங்க 1962ல பிளாக்பூல்ல பார்த்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தாங்க. 1972ல இருந்து டிசம்பர் 31 தவறாம இங்க ஓடுது. கூத்து என்னன்னா, பிரிட்டன் டிவிக்கு 2018லதான் போச்சு.

ஊர்க்குருவி:
தம்பி, நான் 91 இல இஞ்ச வந்தனான். ஹைமில, அதுதான் அகதியள் விடுதியில, பொது அறையில ஒரே ஒரு டிவி. ஜெர்மன் தெரியாது, இங்கிலீசும் அரைகுறை. எங்களோட ஒரு போலந்துக்காரர், ரெண்டு எத்தியோப்பியர். அந்த மனுசன் புலித்தலையில தடக்குப்பட, எல்லாரும் ஒண்டாச் சிரிச்சம். வந்த நாளில இருந்து அண்டைக்குத்தான் சிரிச்சிருப்பன். இப்ப வீட்டில "இண்டைக்கும் புட்டோ?" எண்டு பிள்ளையள் கேட்டால், மனுசி மிஸ் சோஃபி மாதிரியே "எல்லா வருசமும் மாதிரித்தான், ஜேம்ஸ்" எண்டுவா.

மழைக்காகிதம்:
நான் நெக்கர்_கரை கட்சி, ஆனா காரணம் வேற. செத்துப்போன விருந்தாளிங்கள்ல ஒருத்தரான அட்மிரல் வான் ஷ்னைடருக்காக ஜேம்ஸ் ஒவ்வொரு தடவையும் குதிகாலை அடிச்சு 'ஸ்கோல்' (சியர்ஸ் மாதிரி) சொல்லணும். காலு வலிக்குது. இந்த வருஷமும் சொல்லணுமான்னு ஜேம்ஸ் கெஞ்சுறார். எனக்காக சொல்லுன்னுடறாங்க அந்தம்மா. மாச சம்பளம் வாங்குற எனக்கு அந்த இடம் சிரிப்பே இல்ல. (பத்து தடவை பார்த்தாச்சு என்பது வேற விஷயம்.)

அப்புறம் முதல்ல வர்ற சூப்பைக் கவனிச்சீங்களா? மல்லிகடானி. நம்ம மிளகுத்தண்ணியேதான், வெள்ளைக்காரன் வாயில அப்படி ஆயிடுச்சு. ஆக மொத்தம் அந்த வீட்ல ரெண்டு தண்ணியும் உண்டு.

நெக்கர்_கரை:
நேத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். தடுக்காம போய்த் திரும்பிப் பார்க்குற இடத்துல என்னை அறியாம சிரிச்சுட்டேன், பழைய_ரீல் ஜெயிச்சீங்க. பூச்சாடி வந்ததும் தள்ளி விட்டுட்டேன், அது முடியல.

பக்கத்து வீட்டு அம்மா இந்த 31க்கும் கூப்பிட்டிருக்காங்க. சூப் நான் கொண்டு வர்றேன்னு வாய் விட்டுட்டேன். ராக்லெட்டுக்கு முன்னாடி மிளகு ரசம் ஒத்துப்போகுமா? யாராவது வெச்சுப் பார்த்திருக்கீங்களா?