கையடக்க மின் ராட்டையில் பஞ்சு நூற்க முடியுமா?

நூல்கண்டு:
இதுவரை மிதி ராட்டையில் கம்பளிதான் நூற்றேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் மோட்டாரில் ஓடும் சின்ன ராட்டை வாங்கலாம் என்று பார்க்கிறேன், பயணத்திலும் பையில் போட்டுக்கொள்ளலாம். பவர் பேங்கில் ஓடுமா? அப்புறம், பஞ்சும் நூற்க ஆசை. ஆனால் இந்த ராட்டைகள் பஞ்சைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

கதிர்முனை:
மின்சாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எலக்ட்ரிக் ஈல் வீல் நேனோ மாதிரி சின்ன ராட்டைகள் 12 வோல்ட்டில் ஓடுபவை, சாதாரண யு.எஸ்.பி. துளையில் வருவதோ 5 வோல்ட். 12 வோல்ட் கேட்டு வாங்கும் டைப்-சி கேபிள் தனியாகக் கிடைக்கிறது, ஆனால் பவர் பேங்கும் 12 தரக்கூடியதாக இருக்க வேண்டும், பல பி.டி. (பவர் டெலிவரி, கேட்கிற வோல்ட்டுக்கு ஏற்ப மாற்றித் தரும் வகை) பவர் பேங்குகள் 9, 15, 20 என்று தாவிவிடும், 12 இருக்காது. அதன் மேலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள். பிளக்கின் உள்துளை 2.1 மி.மீ.யா 2.5 மி.மீ.யா என்றும் பாருங்கள், வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பஞ்சுமூட்டை:
பிடுங்குவது உண்மைதான், ஆனால் பாதிப் பழி முறுக்குக் குறைவுக்குப் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃப்ளையர் (நூலை முறுக்கி, பாபின் என்கிற உருளையில் சுற்றிவிடும் கொக்கி வைத்த சுழல்பகுதி) நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் விநாடிக்கு 10 முறுக்கு. நீங்கள் விநாடிக்கு 10 செ.மீ. நூல் விட்டால் செ.மீ.க்கு ஒரு முறுக்குதான் விழும். கொஞ்சம் தடித்த கம்பளி நூலுக்கு அது போதும். பஞ்சின் இழையோ பெரும்பாலும் 3 செ.மீ.கூட இருக்காது, 20 நம்பர் நூலுக்கே (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்) செ.மீ.க்கு ஏழு முறுக்கு அளவில் வேண்டும், அப்படியென்றால் அதே வேகத்தில் விநாடிக்கு ஒன்றரை செ.மீ.க்கு மேல் விடக்கூடாது, யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் பஞ்சுக்கு வாங்குவதாக இருந்தால் அதிகபட்ச வேகம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், பாபின் அளவெல்லாம் அப்புறம்.

இழுவையைக் குறைக்க பாபினை உரசிப் பிடிக்கும் பிரேக்கைக் கிட்டத்தட்ட முழுசாகத் தளர்த்திவிடுங்கள். அப்படியும் இழுத்தால் நூலை ஒரு பக்கக் கொக்கியிலிருந்து எதிர்ப்பக்கக் கொக்கிக்கு மாற்றி மாற்றிக் குறுக்காக மாட்டுங்கள், உரசல் கூடி இழுவை நன்றாக அடங்கும். பாபின் நிரம்ப நிரம்ப இழுவை தானாகவே குறையும், அப்போது பிரேக்கைத் துளி இறுக்க வேண்டியிருக்கும். சில மாடல்களுக்கு ஃப்ளையருக்குப் பதிலாக மாட்டும் கதிர் (முனையில் நூலை முறுக்கும் கம்பி) தனியாகக் கிடைக்கிறது. கதிர் நூலை இழுக்கவே இழுக்காது, முறுக்குவதும் சுற்றுவதும் தனித்தனி வேலை. என்னைக் கேட்டால் பஞ்சுக்கு அதுதான் சரி.

இரட்டைப்புரி:
முழங்காலுக்கு நிம்மதி, தோளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. மிதிக்கும்போது களைத்தால் கால் நின்றுவிடும், மோட்டார் நிற்காது, நாமும் குனிந்தபடியே உட்கார்ந்திருப்போம். நூல் நுழையும் துளை முழங்கை உயரத்தில் வரும்படி மேசையில் வையுங்கள். கால் சுவிட்ச் பொருத்தும் வசதி இருக்கிற மாடலாக எடுங்கள், நூல் அறுந்தால் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது நிறுத்த வேறு வழியில்லை.

நூல்கண்டு:
கதிர் மாட்டக்கூடிய மாடலாகவே தேடுகிறேன். @பஞ்சுமூட்டை, இரண்டு நூலை ஒன்றாக முறுக்கிப் புரி சேர்க்கும்போதும் கதிரிலேயே செய்வீர்களா, ஃப்ளையருக்கு மாறுவீர்களா?

பஞ்சுமூட்டை:
ஃப்ளையர்தான். நூற்றதற்கு எதிர்த்திசையில் ஓடவிட்டு, பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கினால் போதும், முறுக்கேறிய நூல் அவ்வளவு சீக்கிரம் அறாது.