பக்கவாதத்துக்குப் பின் ஆல்ப்ஸ் எண் குறைவு: மறதி வரும் என்று அர்த்தமா?

படிப்பாளி: பக்கவாதம் வந்து 3 மாதம் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐயில் டிடிஐ-ஆல்ப்ஸ் எண் (டிடிஐ என்பது திசுவில் நீர் பரவுவதை அளக்கும் எம்ஆர்ஐ முறை) குறைவாக இருந்தால், மூளையின் கழிவு வடிகால் சரியில்லை, மறதி வரும் என்கிறார்கள். அந்த எண் எதை அளக்கிறது? அதைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றலாமா?

ஸ்கேன்அறை: வடிகாலை அது நேரடியாக அளப்பதில்லை. பக்கவாட்டு வென்ட்ரிக்கிளை (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) ஒட்டிய வெள்ளைப் பகுதியில் சிறு சிரைகள் இடம்வலமாக ஓடும். நரம்பிழைகளில் ஒரு கற்றை மேல்கீழாகவும் இன்னொன்று முன்பின்னாகவும் போகும். சிரைகளின் திசையில் நீர் எவ்வளவு பரவுகிறது, சிரைக்கும் இழைக்கும் குறுக்கான திசையில் எவ்வளவு என்ற விகிதம்தான் ஆல்ப்ஸ். 1-க்கு அருகில் வந்தால் குறைவு என்கிறார்கள். 2017-இல் ஜப்பானின் நகோயாவில் டவோகா குழு இதை முன்வைத்தது.

சிக்கல் எங்கே என்றால், இழைகள் சிதைந்தாலே எண் மாறிவிடும். பக்கவாதத்தில் சிதைவது அதேதானே! தலை சற்றுச் சாய்ந்திருந்தாலும் மாறும். இடம், வலம் தனித்தனியாகப் பாருங்கள். எண்ணைக் கணக்கிடப் படத்தில் வரையும் வட்டம் பக்கவாதத்தில் அடிபட்ட இடத்தில் விழுந்தால் அந்தப் பக்க எண்ணை விட்டுவிடுங்கள். வேறு வேறு மெஷின் எண்களை ஒப்பிடவே கூடாது.

நரம்புமுடிச்சு: ஆஸ்ட்ரோசைட் என்ற மூளையின் துணைச் செல்கள் ரத்தக்குழாயைத் தொடும் பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற நீர்வாசல் அடர்ந்திருக்கும். ரத்தம் தடைப்பட்ட பிறகு அது பாதங்களை விட்டுச் செல் முழுக்கச் சிதறுகிறது. கழிவு வெளியேறுவது மந்தமாகிறது. ஆனால் 'திரவ ஓட்டம் கூடினால் நல்லது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களில் மூளையைச் சூழ்ந்துள்ள தண்டுவடத் திரவமே மூளைத் திசுவுக்குள் பாய்ந்து வீக்கத்தைத் தொடங்கிவைக்கிறது என்று 2020-இல் எலிகளில் காட்டினார்கள். தூக்கத்தில் கழிவு அதிகம் வெளியேறும் என்ற 2013 முடிவையும் 2024-இல் இன்னொரு எலி ஆய்வு மறுத்தது. இந்த நிலையில் எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றுவது அவசரம்.

மறுவாழ்வு: செய்யக்கூடியது வேறு. மோகா என்ற நினைவு, சிந்தனைத் திறன் சோதனையை முதல் வாரத்தில் எடுத்து முத்திரை குத்தாமல், 3 மாதத்தில் மறுபடி எடுங்கள். படிப்பு 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவென்றால் 1 மதிப்பெண் கூட்டணும், பலர் மறப்பது இது. பேச்சிழப்பு இருந்தால் மொத்த மதிப்பெண் பொய் சொல்லும். மனச்சோர்வும் குறைத்துக் காட்டும். குறட்டை, பகல் தூக்கம் இருந்தால் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சைப் பதிவுசெய்யும் சோதனை) எடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மூச்சுத்தடைத் தூக்கநோய் மிகச் சாதாரணம்.

நரம்புமுடிச்சு: ஒன்று விட்டுப்போச்சு. ஆல்ப்ஸைத் தேடும்போது கண்ணெதிரே இருக்கும் திரவத் தேக்கம் தவறிப்போகும். மூளை உறைக்கடியில் ரத்தக்கசிவு வந்தவர் வாரங்கள் கழித்துக் காலைத் தேய்த்து நடந்தால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், வென்ட்ரிக்கிள் அளவைப் பாருங்கள். பெரிதாகியிருந்தால், முதுகில் ஊசி போட்டு தண்டுவடத் திரவம் 30 முதல் 50 மில்லி எடுத்து, முன்னும் பின்னும் நடையை நேரம் வைத்து அளப்பார்கள். நடை தேறினால் ஷன்ட் (தேங்கும் திரவத்தை வடிக்கும் குழாய்) பற்றிப் பேசலாம். தேறாவிட்டாலும் ஷன்ட் பயன்படாது என்று முடிவுகட்ட முடியாது.