ஐஸ் பாளத்துக்குள் ஒரு வெள்ளைப் பொட்டலம்

பழைய கேசட்:
வி.சி.ஆரில் நான் பார்த்த முதல் சண்டைப் படம் புரூஸ் லீயின் 'தி பிக் பாஸ்' (1971). பெயரைப் பார்த்து வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தாய்லாந்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலை. ஒரு பாளம் உடையும், உள்ளே வெள்ளைப் பொட்டலம். அதைப் பார்த்துவிட்ட தொழிலாளிகளுக்கு முதலில் பணம் காட்டுவார்கள். வேண்டாம் என்றவர்கள் அப்புறம் வீடு திரும்பவே மாட்டார்கள். அந்த வயதில் போதைமருந்து என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. ஐஸுக்குள் என்னவோ இருக்கும் என்பது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. பல நாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவேன்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பொட்டலம் இல்லை. இனி சண்டை போடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் நாயகன். கழுத்தில் ஒரு பச்சைக்கல் தாயத்து. நாற்பது நிமிடத்துக்கு மேல் சுற்றி எல்லாரும் அடித்துக்கொள்ள, அவன் சும்மா நிற்பான். பார்க்கிற நமக்குக் கை பரபரக்கும். ஒரு கைகலப்பில் அந்தத் தாயத்து போகும் பாருங்கள்... அடுத்து விழுந்த அடிக்கு, எதற்கும் அசையாத என் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

போதைக் கும்பலோடு மோதும் இப்படி ஒரு சண்டைப் படம் இந்தக் குழுவில் உங்களுக்கும் இருக்குமே, சொல்லுங்கள்.

மஞ்சள் பெல்ட்:
ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' (1985). போதைக் கும்பல் தலைவனை உள்ளே தள்ளத் தவிக்கும் ஹாங்காங் போலீஸ்காரர். சரி, கதை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஷாப்பிங் மாலில் விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைப் பிடித்து மேல்மாடியிலிருந்து சறுக்குவாரே, அதுதான் ஞாபகம். விளக்குச் சூட்டில் உள்ளங்கை நிஜமாகவே வெந்துபோனது. அதை வேறு வேறு கோணத்தில் மூன்று முறை காட்டுவார்கள். முன்பு அதை அலட்டல் என்று நினைத்தேன். 'நன்றாகப் பார்த்துக்கொள், டூப் இல்லை' என்று சொல்வதாக இப்போது படுகிறது. உடைந்த கண்ணாடிகளைப் பார்த்து ஸ்டன்ட் குழுவினரே படத்துக்கு 'கிளாஸ் ஸ்டோரி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

நான் மொட்டைமாடியிலிருந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்து இறங்கிப் பார்த்தேன். பாதியில் குழாய் கையோடு வந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கராத்தே மாஸ்டர் கேட்ட ஒரே கேள்வி: "கேமரா எங்கேடா இருந்துச்சு?"

கடைசி வரிசை:
'டிராகன்ஸ் ஃபாரெவர்' (1988) யாரும் சொல்லவில்லையே! ரசாயனத் தொழிற்சாலை என்ற பெயரில் போதைமருந்து தயாரிப்பு. ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் சிறுவயதில் ஒரே சீன நாடகப் பள்ளியில் அடிவாங்கி வளர்ந்தவர்கள். சுருட்டோடு வரும் வில்லன் யுவென் வாவும் அதே பள்ளிதான். 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீக்காகக் குட்டிக்கரணம் போட்ட டூப்பும் அவரே. ஜாக்கியுடன் கடைசியில் மோதும் பென்னி உர்கிடெஸ் நிஜ கிக்பாக்ஸிங் சாம்பியன். கேமரா தள்ளி நிற்பதால் தலையும் காலும் சேர்ந்தே தெரியும். யார் எங்கே உதைத்தார் என்று குழம்ப வேண்டியதில்லை. இப்போதைய படங்களில் ஒரு குத்துக்கு எடிட்டிங்கில் நான்கு வெட்டு. எனக்குத் தலைசுற்றல்தான் மிச்சம்.

சின்னவன்:
நான் சொல்வது கொஞ்சம் வேறு மாதிரி. இந்தப் படங்களையெல்லாம் எனக்குக் காட்டியது அண்ணன். பிற்பாடு அவனே அந்தப் பொடியில் மாட்டிக்கொண்டான். அதன் பிறகுதான் கவனித்தேன்: நான் பார்த்த படங்களில் பொட்டலம் இருக்கும், பெட்டி நிறையப் பணம் இருக்கும், வாங்கிப் போடுகிறவன் முகம் மட்டும் இருக்காது. கிடங்கில் பத்து அடியாட்களை விழவைத்தால் விஷயம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் யாரை உதைப்பது?

கோபத்தில் கொஞ்ச காலம் அவற்றைப் பார்க்காமலே இருந்தேன். மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பி வந்த வாரம் 'தி பிக் பாஸ்' போடச் சொன்னவன் அண்ணன்தான். நாயகன் ஜெயிப்பான், ஆனால் கூட வாழ்ந்த அண்ணன் தம்பிகள் யாரும் மிச்சமில்லை. கடைசியில் போலீஸிடம் பிடிகொடுப்பான். "இது ஒண்ணுதான்டா உண்மை" என்றான் அண்ணன். அப்புறம் ரீவைண்ட் பண்ணி, தாயத்துக் காட்சியை இன்னொரு முறை பார்த்தோம்.

பழைய கேசட்:
சின்னவன், அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

சின்னவன்:
நன்றாக இருக்கிறான். போன வாரம் போன் பண்ணி அந்தக் கேசட் எங்கே என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். என் அலமாரியில்தான் இருக்கிறது.