பின் சுவரை ஒட்டி சோபா, இடப்பக்கம் கண்ணாடிக் கதவு, வலப்பக்கம் சுவரே இல்லை: சரவுண்ட் ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது?

பால்கனிக்கதவு:

வணக்கம். ஹால் 11-க்கு 16 அடி. 11 அடிச் சுவரில் டிவி, எதிர்ச் சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோபா. உட்கார்ந்தால் வலப்பக்கம் டைனிங் திறந்து கிடக்கிறது. இடப்பக்கம் பால்கனியின் கண்ணாடி ஸ்லைடிங் கதவு, பின் சுவருக்கு 2 அடி முன்பாக முடிகிறது. பின் சுவர் மட்டும் நேராக டைனிங் வரை போகிறது. தள உயரம் ஒன்பதரை அடி, ஃபால்ஸ் சீலிங் கிடையாது.

ரிசீவர் டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700எச். முன்னால் 6.5 அங்குல டிரைவர் உள்ள டவர் ஜோடி, அதே வரிசையில் சென்டர், 10 அங்குல சப் (பாஸுக்கான சப்வூஃபர்). சரவுண்டுக்கு, அதாவது பக்கவாட்டிலும் பின்னாலும் வரும் ஒலிக்கு, மட்டும் பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டில் இருந்த 3 அங்குல குட்டி ஸ்பீக்கர்களை சோபாவின் இரு ஓரத்திலும் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். பாதிப் படம் அவற்றிலிருந்து சத்தமே வருவதில்லை. வந்தாலோ ஓரத்தில் இருப்பவர் காதில் அறைகிறது, நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கடையில் பைபோல் ஸ்பீக்கர் வாங்கச் சொல்கிறார்கள். ரிசீவரில் 7 சேனல் இருக்கிறதே, 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்) போட்டுவிடலாமா?

டெசிபல்75:

ஸ்பீக்கர் வாங்கும் முன் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். படம் ஓடும்போது ரிசீவர் ரிமோட்டில் இன்ஃபோ அழுத்தினால் உள்ளே வரும் சிக்னல் திரையில் தெரியும். அதில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்றோ டால்பி டிஜிட்டல் என்றோ இருந்து, எஸ்எல், எஸ்ஆர் (இட, வல சரவுண்ட்) இரண்டும் எரிந்தால் சரி. பிசிஎம் 2 சேனல், அதாவது வெறும் ஸ்டீரியோ, என்று காட்டினால் கோளாறு டிவி செட்டிங்கில். சவுண்ட் அவுட்புட்டை எச்டிஎம்ஐ ஏஆர்சி-க்கு (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) வையுங்கள். அதற்குக் கீழே டிஜிட்டல் அவுட்புட் ஃபார்மட் பிசிஎம் என்று இருக்கும், அதை ஆட்டோ அல்லது பாஸ் த்ரூவுக்கு மாற்றுங்கள். சாதாரண ஏஆர்சி வழியாக பிசிஎம் போனால் இரண்டு சேனலுக்கு மேல் போகாது. 5.1 வேண்டுமென்றால் டால்பியாகவே அனுப்பியாக வேண்டும்.

யூடியூபில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீரியோதான். ஓடிடியிலும் ஒரே படத்தின் ஒரு மொழி டிராக் 5.1 ஆகவும் இன்னொன்று ஸ்டீரியோவாகவும் இருக்கலாம், ஆடியோ மெனுவில் பார்த்தால் தெரியும். ஸ்டீரியோ வந்தால் ரிசீவரில் டால்பி சரவுண்ட் மோடைப் போடுங்கள். ஓரளவு பின்னால் பிரித்துக் கொடுக்கும். மல்டி சேனல் ஸ்டீரியோ மோடு வேண்டாம். எல்லா ஸ்பீக்கரிலும் அதே ஒலியைக் கொட்டும், திசையே இருக்காது.

இன்னொன்று, அந்தக் குட்டி ஸ்பீக்கரின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். டிவிடி செட்டுகளோடு வந்தவை பல 3 ஓம். அப்படி இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். சத்தம் கூட்டும்போது ரிசீவர் சூடேறி ப்ரொடெக்ஷனில் போய்த் தானாக அணைந்துவிடும்.

பால்கனிக்கதவு:

நன்றி சார். பார்த்தேன், பிசிஎம் 2.0 தான் காட்டியது. பாஸ் த்ரூ ஆக்கியதும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்று வருகிறது, பின்னால் சத்தமும் வந்துவிட்டது. லேபிளில் 3 ஓம் என்றுதான் இருக்கிறது, கழற்றிவிட்டேன். இனி எதை வாங்கி எங்கே வைப்பது என்பதுதான்.

மூலைமட்டம்:

உங்கள் ஹாலுக்கு விடை அந்தப் பின் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் சோபா சுவரை விட்டு 1 அடி முன்னே வரவேண்டும். அதற்கு மனமில்லாமல் எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் பலன் பாதிதான்.

கணக்கைப் பாருங்கள். 5.1-க்கு டால்பி சொல்வது சரவுண்ட் 110 முதல் 120 டிகிரி, ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தரும் பிஎஸ்.775 பரிந்துரையில் 100 முதல் 120. நேர் எதிரே டிவி 0 டிகிரி என்றால் உங்கள் காதுக்கு நேர் பக்கவாட்டு 90. அதற்குச் சற்றுப் பின்னால் ஸ்பீக்கர் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இப்போது சோபா சுவரை ஒட்டி இருப்பதால் தலைக்கும் சுவருக்கும் இடைவெளி 1 அடிதான் இருக்கும். சோபாவை 1 அடி இழுத்தால் அது 2 அடியாகும். ஸ்பீக்கரைப் பின் சுவரில், இட மூலையிலிருந்து அரை அடி தள்ளி மாட்டுங்கள். நடு இருக்கையிலிருந்து பக்கவாட்டில் 5 அடி வரும். வலப்பக்கம் மூலையே இல்லாவிட்டாலும் நடுவிலிருந்து அதே 5 அடியை அளந்து மாட்டுங்கள். பிராக்கெட்டும் பெட்டியின் ஆழமும் சேர்ந்து முகப்பு சுவரிலிருந்து 8 அங்குலம் வெளியே வரும். ஆக காதுக்குப் பின்னால் மிஞ்சுவது சுமார் 1.3 அடி. 5-க்கு 1.3 என்றால் 105 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. டால்பியின் எண்ணைத் தொடவில்லை, ஐடியு எல்லைக்குள் இருக்கிறது. இந்த ஹாலில் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. சோபாவை இழுக்காமல் விட்டால் ஸ்பீக்கர் முகப்பு கிட்டத்தட்ட காதுக்கு நேரே வந்துவிடும்.

7.1 வேண்டாம். பின் சேனல் இரண்டும் 135 முதல் 150 டிகிரியில் இருக்க வேண்டும். தலைக்கும் சுவருக்கும் 2 அடிதான் இருக்கும்போது அந்தக் கோணத்தில் வைத்தால் ஸ்பீக்கர் பிடரியை ஒட்டி நிற்கும், சரவுண்டிலிருந்து அதைப் பிரித்தே கேட்க முடியாது. மிச்சமிருக்கும் இரண்டு சேனலை மேலே கொண்டுபோய் 5.1.2 ஆக்குவதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. அதையும் இப்போதே செய்ய வேண்டாம், 5.1 நின்றபின் பார்க்கலாம்.

பைபோல் விஷயத்தில் கடைக்காரர் பொதுவாகச் சொல்வது தவறில்லை, உங்கள் ஹாலுக்குப் பொருந்தாது என்பதுதான். பைபோலில் டிரைவர்கள் இரு பக்கம் பார்த்து ஒரே ஃபேஸில், அதாவது ஒன்றாகத் தள்ளி ஒன்றாக இழுத்து, வேலை செய்யும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பியே அது பரவலாகக் கேட்கிறது. உங்களுக்கு இடப்பக்கம் கண்ணாடி, வலப்பக்கம் வெட்டவெளி. இடது கூர்மையாகத் திரும்பும், வலது டைனிங்கில் போய்க் கரைந்துவிடும். டைபோல் (இரு பக்கமும் எதிர் ஃபேஸில் ஒலிப்பது) இன்னும் மோசம். மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸுக்கு அது அறவே பொருந்தாது. முகம் பார்த்து ஒலிக்கும் சாதாரண புக்ஷெல்ஃப் (சின்னப் பெட்டி) ஜோடி போதும். முடிந்தால் டவர் எந்த வரிசையோ அதே வரிசையில் வாங்குங்கள், ட்வீட்டர் (ஹை ஃப்ரீக்வென்சிக்கான சின்ன டிரைவர்) ஒரே மாதிரி இருக்கும். முன்னாலிருந்து பின்னால் கார் போகும்போது அதன் குரல் மாறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

டிரைவர் 4 முதல் 5.25 அங்குலம். 3 அங்குல சேட்டிலைட் பலவும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. மிச்சத்தை சப்புக்குத் தள்ளினால் ஆண் குரலின் அடிப்பகுதியே சப் இருக்கும் மூலையிலிருந்து கேட்கும். 80 அல்லது 90 ஹெர்ட்ஸ் வரை இறங்குவது போதும். பெட்டியின் பின்பக்கம் துளை உள்ளதைத் தவிர்த்து முன்பக்கத் துளையோ, துளையே இல்லாததோ எடுங்கள். சுவரை ஒட்டிப் பின்துளைப் பெட்டியை மாட்டினால் அந்த மூலையில் பாஸ் குமுறும்.

பால்கனிக்கதவு:

மிக்க நன்றி அண்ணா, சோபாவை இழுக்க வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். உயரம் எவ்வளவு? ஓரத்தில் இருப்பவர் காதில் அறைவது நிற்குமா?

மூலைமட்டம்:

முழுதாக நிற்காது, குறையும். இட ஓர இருக்கை நடுவிலிருந்து 2.2 அடி தள்ளி என்று வையுங்கள். காது மட்டத்தில் மாட்டினால் அவருக்கு இட ஸ்பீக்கர் 3.1 அடி, வல ஸ்பீக்கர் 7.3 அடி. நேரடி ஒலியில் மட்டும் 7.5 டெசிபல் வித்தியாசம். காதைவிட 2 அடி மேலே ஏற்றினால் தூரங்கள் 3.7, 7.6 ஆகி வித்தியாசம் 6.3-க்கு இறங்கும். இதைவிடப் பெரிய லாபம் திருப்புவதில் இருக்கிறது. இட ஸ்பீக்கரின் முகத்தை நடு இருக்கைக்கு நேரே திருப்பாமல் வல ஓர இருக்கையைப் பார்க்க வையுங்கள், வலதை இட ஓர இருக்கைக்கு. பக்கத்தில் இருப்பவருக்கு ட்வீட்டரின் நேர்க்கோடு விலகிவிடும், ஹை ஃப்ரீக்வென்சி தானாக அடங்கும்.

காது உயரம் 3 அடி 2 அங்குலம் என்றால், வெறும் 5.1-க்கு ட்வீட்டரை 5 அடிக்கு ஏற்றலாம். பின்னாளில் தளத்தில் இரண்டு மாட்டும் எண்ணம் இருந்தால் நாலரை அடியில் நிறுத்துங்கள். கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் இடைவெளி இருந்தால்தான் மேலே என்பது மேலே என்று கேட்கும். சோபாவின் முதுகு காதைவிட உயரமென்றால் அதற்கும் கீழே ட்வீட்டர் மறையக் கூடாது. ரெக்லைனர் வீடுகளில் சரவுண்ட் மந்தமாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

கம்பிச்சுருள்:

ஒயர் பற்றி யாரும் சொல்லல, நான் சொல்றேன். கதவுக்கு மேல ஏத்தி, பின் சுவர்ல கொண்டுபோனா வல ஸ்பீக்கருக்கு 14 மீட்டர் ஆகும்னு வச்சுக்குங்க. 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் கிலோமீட்டருக்கு 13.3 ஓம். போக வர 28 மீட்டர், அதாவது 0.37 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 சதவீதத்துக்குள்ள, அதாவது 0.4-க்குள்ள இருக்கணும், தாங்கும். வாங்கப்போறது 6 ஓம்னா எல்லை 0.3, அப்ப 2.5 சதுர மி.மீ. எடுங்க, 0.22 தான் வரும். இடதுக்கு ஒயர் கம்மியா போகும். ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும்னு மிச்சத்தைச் சுருட்டி வைக்க வேண்டாம், அதனால ஒரு பயனும் இல்ல.

கடையில வாங்கும்போது ஒயர் நுனியைச் சீவி, ஒரு இழையை பிளேடால லேசாச் சுரண்டிப் பாருங்க. மேல செம்பு நிறம் போய் உள்ள வெள்ளையா வந்தா அது அலுமினியத்துல செம்பு முலாம். தடை ஒன்றரை மடங்குக்குப் பக்கத்துல இருக்கும், மடக்கி மடக்கி டெர்மினல்ல போட்டா ஒடிஞ்சும் போகும். உள்ளயும் சிவப்பா இருந்தா எடுத்துக்குங்க.

கரண்ட் ஒயர் போற பைப்புக்குள்ள இதைச் செருகாதீங்க, ஆபத்து. தனியா 20 மி.மீ. பிவிசி கேசிங் போதும். துளை போடும் முன்னாடி அந்தச் சுவர்ல ஸ்விட்ச் போர்டு எங்க இருக்குனு பாருங்க. போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் உள்ள பைப் ஓடும், அந்தக் கோட்டுல ட்ரில் வைக்கவே கூடாது. செங்கல் சுவர்னா 8 மி.மீ. பிளக், 50 மி.மீ. ஸ்க்ரூ. பூச்சே அரை முதல் முக்கால் அங்குலம் இருக்கும், பிளக் அதைத் தாண்டி செங்கல்ல உட்காரணும். பூச்சுல மட்டும் நின்னா 4 கிலோ பெட்டி கொஞ்ச நாள்ல தொங்கிடும். ஏஏசி பிளாக் (லேசான நுரை கான்கிரீட் கல்) சுவர்னா அதுக்குன்னே வர்ற பிளக் கேட்டு வாங்குங்க.

மாட்டினதும் ஒரு சோதனை. ஒயரை ரிசீவர் பக்கம் கழட்டிட்டு, அந்த நுனியில 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க, பிளஸ் சிவப்புக்கு. டிரைவர் கூம்பு வெளிய தள்ளணும். உள்ள இழுத்தா எங்கயோ பிளஸ் மைனஸ் மாறியிருக்கு. ரிசீவர்ல மாட்டி இருக்கும்போது இதைச் செய்யாதீங்க.

பால்கனிக்கதவு:

5.25 அங்குல புக்ஷெல்ஃப், 8 ஓம், அதே வரிசையில் கிடைத்தது. நாலரை அடியில் மாட்டி ஆடிஸி (மைக் வைத்து அளந்து ரிசீவரே ஸ்பீக்கர்களைச் சரிசெய்வது) ஓட்டினேன். டவர் இரண்டையும் லார்ஜ் என்று வைத்துவிட்டது. சப் தூரம் 16 அடி என்கிறது, உண்மையில் 11 அடிதான். பகலில் நன்றாக இருக்கிறது. இரவில் வால்யூம் குறைத்தால் பின்னால் மட்டும் தூக்கலாகக் கேட்கிறது.

டெசிபல்75:

மூன்றுமே எதிர்பார்க்கக் கூடியவைதான்.

சப் தூரத்தைத் திருத்தாதீர்கள். சப்பின் உள்ளே இருக்கும் ஃபில்டர் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் ஆடிஸி தூரமாகக் காட்டும். டேப்பில் அளந்த 11-ஐப் போட்டால் 80 ஹெர்ட்ஸ் பக்கம் சப்பும் டவரும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

டவரை ஸ்மால் ஆக்கி கிராஸோவர் 80 ஹெர்ட்ஸ் வையுங்கள், அதற்குக் கீழுள்ள பாஸ் சப்புக்குப் போய்விடும். சரவுண்டுக்கு ஆடிஸி என்ன எண் கொடுத்ததோ அதைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. அது அளந்த எல்லைக்குக் கீழே திருத்தம் எதுவும் செய்திருக்காது. எல்எஃப்இ (படத்தில் சப்புக்கென்றே வரும் தனி பாஸ் சேனல்) லோ பாஸ் 120-லேயே இருக்கட்டும்.

இரவுப் பிரச்சினைக்குக் காரணம் டைனமிக் ஈக்யூ. வால்யூம் இறங்க இறங்க பாஸையும் சரவுண்டையும் அது தானாக ஏற்றும். உங்களைப் போல ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது மிகையாகத்தான் படும். ஆடிஸி மெனுவில் ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்டை 10 ஆக்கிப் பாருங்கள், போதவில்லையென்றால் 15. அதற்கும் அடங்காவிட்டால் டைனமிக் ஈக்யூவை நிறுத்திவிடலாம், மற்ற திருத்தங்கள் அப்படியே இருக்கும்.

ஆடிஸியை எப்படி ஓட்டினீர்கள் என்று சொல்லவில்லை. ஃபேன், ஏசி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். கண்ணாடிக் கதவின் திரை படம் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இழுத்திருக்க வேண்டும். மைக்கை சோபா முதுகில் சாய்த்து வைக்காமல் கேமரா ட்ரைபாடில் காது உயரத்தில் நிறுத்துங்கள். முதல் இடம் நடு இருக்கை, தூரமும் லெவலும் அதிலிருந்துதான் கணக்காகும். மீதி ஏழு இடங்களையும் பக்கவாட்டிலும் முன்னாலும் எடுங்கள். பின் சுவருக்கு ஒன்றரை அடிக்குள் மைக்கைக் கொண்டுபோனால் சுவர் எதிரொலியையே அளக்கும்.

பால்கனிக்கதவு:

ஆஃப்செட் 10-இல் சரியாகிவிட்டது. மைக்கை சோபா முதுகில்தான் வைத்திருந்தேன், ட்ரைபாடில் மறுபடி ஓட்டுகிறேன். மேலே இரண்டு மாட்டுவதானால் எந்த இடம்? சீலிங் ஸ்பீக்கர் பதிக்க தளத்தைக் குடையலாமா?

மூலைமட்டம்:

கான்கிரீட் தளத்தைக் குடையவே கூடாது, உள்ளே கம்பி போகிறது. 4 அங்குல டிரைவர் உள்ள சின்ன புக்ஷெல்ஃப் இரண்டை பிராக்கெட்டில் தொங்கவிடுங்கள். 5.1.2-க்கு டாப் மிடில் என்ற இடத்துக்கு டால்பி தரும் எல்லை, முன் திசையிலிருந்து அளந்தால் 65 முதல் 100 டிகிரி. காதிலிருந்து தளத்துக்கு உங்களுக்கு 6 அடி 4 அங்குலம், அதில் ஸ்பீக்கர் கொஞ்சம் கீழே தொங்கும். தலைக்கு நேர் மேலிருந்து 1 அடி முன்னே தள்ளினால் ஏறக்குறைய 80 டிகிரி, அதில் நிற்கட்டும். பக்கவாட்டு இடைவெளி முன் டவர்கள் இரண்டுக்கும் உள்ள அதே அகலம். முகம் சோபாவைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். பிராக்கெட் தவிர, பெட்டியிலிருந்து தளத்தில் தனி ஹூக்குக்கு ஒரு ஸ்டீல் கயிறும் கட்டுங்கள். அடியில் ஆட்கள் உட்காரும் இடம். ஃபேன் எங்கே சுற்றுகிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். இறக்கைக்கும் பெட்டிக்கும் 1 அடியாவது விட இடமில்லையென்றால் இரண்டு பெட்டிகளையும் சேர்த்து முன்னே நகர்த்தலாம், 65 டிகிரிக்குக் கீழே இறங்காதவரை, அதாவது தலைக்கு மேலிருந்து 2 அடி 9 அங்குலத்தைத் தாண்டாமல். ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டாம். மாட்டியபின் ரிசீவரில் ஆம்ப் அசைனை சரவுண்ட் பேக்கிலிருந்து ஹைட்டுக்கு மாற்றி, இடத்தை டாப் மிடில் என்று கொடுத்து, ஆடிஸியை முதலிலிருந்து ஓட்டுங்கள்.