‘குவாரண்டைன் தொட்டி’க்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

உப்புவெளியிலிருந்து, ரீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சிக்கான கையேடு முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடறுகிறது. கடையில் வாங்கின புது மீனைப் பெரிய தொட்டியில் விடாமல் நாலு தொடக்கம் ஆறு கிழமை வேறாக வைத்துப் பார்க்கிற சிறு தொட்டிக்கு என்ன எழுதலாம்? நான் ‘தனிமைப்படுத்தல் தொட்டி’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: “அது வருத்தம் வந்த மீனுக்குத்தானே ரீச்சர்? என்ர மீனுக்கு ஒண்டுமில்லையே.” அவள் ஏழு கப்பி மீன் வாங்கி நேரே பெரிய தொட்டியில் விட்டிருந்தாள். ஐந்தாம் நாள் பழைய மீன்களின் உடம்பெல்லாம் ரவை தூவினதுபோல வெள்ளைப் புள்ளி. செட்டையை ஒடுக்கிக்கொண்டு கல்லில் உரசின. பன்னிரண்டு மீன் செத்தது. அந்தச் சொல்லை நான் எழுதிக் கொடுத்ததால்தான் அவள் அப்படி விளங்கிக்கொண்டாள் என்று மனம் உறுத்துகிறது.

வருத்தம் வருமுன்னே கொடுக்கிற மருந்துக்கும் ஒரு பெயர் தாருங்கள்.

நல்லூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ரீச்சர், ‘தனிமைப்படுத்தல்’ 2020இல் ஊரெல்லாம் பரவிய சொல். நோயாளியைப் பிரிப்பதற்கும் நோய் இன்னும் தெரியாதவரைப் பொறுத்துப் பார்ப்பதற்கும் அதையே சொன்னார்கள். உங்கள் மாணவியில் பிழையில்லை.

‘மறி’ என்ற அடியை எடுங்கள். மறித்தல் என்றால் தடுத்து நிறுத்துதல். ‘மறிதொட்டி’ வினைத்தொகையாக அழகாக நிற்கும். தொல்காப்பிய மரபியல் சொல்லும் இளமைப் பெயர்கள் ஒன்பதில் ‘மறி’யும் ஒன்று. ஆட்டுக்கும் குதிரைக்கும் மானுக்கும் அது உரியது. அடைத்துக் காக்கப்படும் குட்டி என்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது என் துணிபு. அப்படியானால் புதிதாய் வந்த மீன்குஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் ஏது?

திருகோணமலை நகரிலிருந்து:

ஐயா, மன்னிக்க வேண்டும். மறியல் என்றால் எங்களுக்குச் சிறை. “அவன் மறியலில இருக்கிறான்” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்கான கையேட்டில் அந்தச் சொல் வேண்டாம். அரச ஆவணங்களில் ‘தொற்றுத்தடைக்காப்பு’ என்று கண்டிருக்கிறேன். கருத்துச் சரி, ஆனால் அதைச் சொல்லி முடிக்கமுன் மீனைத் தொட்டியில் விட்டுவிடுவார்கள்.

சென்னையிலிருந்து:

எங்களுக்கு மறியல் என்றால் சாலைமறியல்தான்! நான் ‘ஒதுக்குத் தொட்டி’ என்பேன். சின்னச் சொல், வாயில் நிற்கும்.

கிண்ணியாவிலிருந்து:

‘ஒதுக்கு’ வேண்டாம் தம்பி. ஒதுக்கி வைத்தல் என்றால் என்னவென்று நம் ஊர்களுக்குத் தெரியும்.

மூலச்சொல்லைப் பாருங்கள். ரகூசா என்ற துறைமுக நகரம், இன்றைய டுப்ரோவ்னிக், 1377இல் நோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. பிறகு அது நாற்பதானது. இத்தாலிய மொழியில் ‘குவாரந்தா’ என்றால் நாற்பது, அவ்வளவுதான். எங்கள் வீடுகளிலும் பிள்ளை பெற்ற தாய்க்கு நாற்பது உண்டு. என் மகள் பிள்ளை பெற்றபோது உம்மா அறை வாசலில் நின்று, கால் கழுவாத ஒருவரையும் உள்ளே விடவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் நோய் ஏதுமில்லை, ஆனாலும் காவல். நமக்கு வேண்டிய கருத்து அதுதானே? ‘நாற்பதுத் தொட்டி’ என்றால் எத்தனை நாள் என்பதும் சொல்லிலேயே வந்துவிடும்.

நல்லூரிலிருந்து:

அழகான விளக்கம். ஆனால் முப்பது நாள் வைத்தால் பெயர் பொய்க்கும். எண்தான் வேண்டுமென்றால் ‘மண்டலம்’ இருக்கிறது. அது வடசொல் என்பதால் நான் எடுக்கமாட்டேன்.

திருகோணமலை நகரிலிருந்து:

வடசொல்லைத் தள்ளிவிட்டு மெதிலீன் புளூ என்ற மீன் மருந்தை என்ன செய்வீர்கள் ஐயா? கடையில் போத்தலைக் காட்டிப் பிள்ளை அந்தப் பெயரைத்தானே சொல்லும்?

வவுனியாவிலிருந்து:

‘இடைத்தங்கல் தொட்டி’ என்று எழுத நினைத்து அழித்துவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது தொட்டி அல்ல, முகாம். 1990இல் அப்பா எங்களைப் படகில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனார். மண்டபம் முகாமில் பதிந்து, அலுமினியத் தட்டு ஒன்று கையில் தந்தார்கள். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் இலங்கைக்கு வருகிறவர்களை நோய்க்காக மறித்து வைத்ததும் அதே மண்டபத்தில்தான் என்று பிறகு படித்தேன். இங்கே வர இருந்தவர்களும் இங்கிருந்து போனவர்களும் ஒரே மணலில் காத்துக் கிடந்திருக்கிறோம். கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. தலைப்பை விட்டுப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளியிலிருந்து, மீன் வளர்ப்பவர்:

அண்ணை, நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன்.

சொல்லுக்கு வருகிறேன். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பெயர் தானே வரும். வெள்ளைப்புள்ளிக் கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முற்றி விழுந்து, அடியில் ஒட்டிப் பிரிந்து, குஞ்சுகளாகி மீன் தேடி நீந்துகிற நேரத்தில்தான் சாகும். நம் ஊர்ச் சூட்டுத் தண்ணீரில் இந்தச் சுற்று ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும், குளிர்ந்த நீரில் இழுபடும். ஒரு தரம் மருந்து ஊற்றிவிட்டுப் புள்ளி மறைந்தது என்று நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். செவுளில் ஒட்டும் தட்டைப்புழுவும் அப்படி. பிராசிகுவாண்டெல் என்ற மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். பொரித்த பிறகு திரும்பவும் போடவேண்டும்.

ஆகவே அந்தத் தொட்டியின் முதல் வேலை மருந்தல்ல, பார்ப்பது. என்னிடம் இருப்பது இரண்டடித் தொட்டி. மணல் போடமாட்டேன், எச்சம் எப்படி இருக்கிறது என்று அடியில் தெரியவேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, பழைய தொட்டியில் ஊறவைத்த பஞ்சு வடிகட்டி. வலையும் வாளியும் வேறு. வெள்ளையாய் நூல்போல எச்சம் தொங்கினால் குடல் நோயைச் சந்தேகிப்பேன். எல்லாப் புது மீனுக்கும் மூன்று நான்கு மருந்தை வரிசையாய்க் கொடுக்கிறவர்கள் உண்டு. புழுமருந்து மட்டும் என்றால் எனக்குச் சம்மதம். நோய் தெரியாமல் அன்டிபயோட்டிக் போடுவதற்குச் சம்மதமில்லை, மருந்துக்கு மசியாத கிருமியை நாமே வளர்த்துவிடுவோம். மெதிலீன் புளூ வடிகட்டியிலுள்ள நல்ல பக்ரீரியாவைக் கெடுக்கும், செம்பு மருந்து இறாலையும் நத்தையையும் கொல்லும். வேறு தொட்டி வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பார்ப்பதும் காப்பதும் ஒரே சொல்லில் வரவேண்டும். எனக்குத் தோன்றுவது ‘காப்புத்தொட்டி’.

திருகோணமலை நகரிலிருந்து:

அதுதான்! பத்திரகாளி அம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியுமட்டும் ஊர் எல்லை தாண்டமாட்டோம். கட்டினவருக்கு வருத்தம் என்று யாரும் நினைப்பதில்லை. அவிழ்க்க ஒரு நாளும் உண்டு. கிண்ணியா நானா சொன்ன நாள் கணக்கும் இதற்குள் அடங்கும்.

சென்னையிலிருந்து:

காப்பு என்றால் வளையல் என்று நினைக்கமாட்டார்களா?

நல்லூரிலிருந்து:

இடம் பொருள் காட்டும். நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் என்கிறோமே, யாரும் வளையல் தேடுவதில்லை. வருமுன் கொடுப்பதற்கு ‘முற்காப்பு மருந்து’ என்று வைத்தால் இரண்டும் ஒரே வேரில் நிற்கும். வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை பற்றி வள்ளுவர் சொன்னதும் ‘கா’ என்ற அதே வேர்தான். ஆனாலும் காப்பு என்பது நோக்கம், மறித்தல் செயல். கலைச்சொல் செயலைச் சொல்லவேண்டும். என் வாக்கு மறிதொட்டிக்கே.

கிண்ணியாவிலிருந்து:

நான் காப்புத்தொட்டிக்கு இறங்கி வருகிறேன். அடைப்புக்குள் ‘நாற்பது நாள்’ என்று போடுங்கள் ரீச்சர்.

உப்புவெளியிலிருந்து, ரீச்சர்:

நன்றி. அச்சகத்தார் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார்கள். ‘காப்புத்தொட்டி’, ‘முற்காப்பு மருந்து’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். வருத்தம் வந்த மீனுக்கு ‘மருத்துவத் தொட்டி’ என்று வேறாக எழுதியிருக்கிறேன். நாள் கணக்கை ‘நாலு தொடக்கம் ஆறு கிழமை’ என்றே விட்டேன், நானா குறை நினைக்கவேண்டாம். ஐயாவின் சொல்லை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

நல்லூரிலிருந்து:

அடிக்குறிப்பில் ‘மறி தொட்டி’ என்று இரண்டு சொல்லாகப் பிரித்து அச்சிட விடாதீர்கள். வினைத்தொகை, சேர்த்தே எழுதவேண்டும்.