கப்பலில் சிறப்பு உணவகப் பக்கேஜ் வாங்கலாமா?

வணக்கம். கனடாவிலுள்ள அண்ணா குடும்பத்தோடு சேர்ந்து, கிளிநொச்சியிலிருந்து அம்மாவும் நானும் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து 4 இரவுகள் உல்லாசக் கப்பலில் பயணிக்கவுள்ளோம். பிரதான உணவுக்கூடமும் பஃபேயும் பயணக் கட்டணத்திலேயே அடங்கியிருக்க, ஸ்டேக், சுஷி போன்றவற்றுக்கான சிறப்பு உணவகங்களில் 3 இரவு உண்ணும் பக்கேஜை முன்கூட்டியே வாங்கினால் மலிவு என்று அண்ணா வற்புறுத்துகிறார். அம்மாவோ வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடுவதில்லை; மற்ற நாட்களிலும் சோறும் மீன் குழம்பும் போதும் என்பவர், மாட்டிறைச்சி வாசனைக்கே எழுந்து போய்விடுவார். ஒரேயொரு இரவுக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டுவதே புத்தி என எனக்குப் படுகிறது. இவ்வாறு பயணித்தவர்கள், விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் சேர்ந்ததா, விரும்பிய நேரத்துக்கு மேசை கிடைத்ததா, மரக்கறி கேட்டால் என்ன வைத்தார்கள் என்பவற்றை அறியத் தருவீர்களா?