பாட்டாவோட அண்டியாபீஸ இடிக்கவா, வேற உபயோகத்துக்கு மாத்தவா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கருங்கல்_ரோடு:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா படிச்சுட்டு பதில் போடுங்க.

மார்த்தாண்டத்துல இருந்து கருங்கல் போற ரோட்டுல இறங்கி கொஞ்சம் உள்ள போனா எங்க பாட்டா, அதாவது தாத்தா, நடத்துன அண்டியாபீஸ் உண்டு. வேற ஜில்லாக்காரங்களுக்காக சொல்லுதேன், அண்டியாபீஸ்னா முந்திரி பாக்டரி, எங்க பக்கம் அப்படித்தான் பேரு. 1956ல ஜில்லா தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னாடி கட்டுனது, மூலப்பத்திரம் இப்பவும் மலையாளத்துலதான் கெடக்கு. மொத்தம் 72 சென்ட். ரோட்டப் பாத்து ஒரு குடோன், அதுக்குப் பின்னால வறுக்குற ஷெட்டும் செங்கல் புகைக்கூண்டும், அப்புறம் அண்டி தல்லுற (தோட்ட அடிச்சு உடைக்குற) நீள ஹால், பருப்ப சூட்டுல உலத்துற போர்மா ரூம், பருப்பு மேல உள்ள தோலி எடுக்குற ஹால், கடைசில வடக்கப் பாத்து வரிசையா ஜன்னல் வச்ச கிரேடிங் ஹால். எல்லாம் வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேல மங்களூர் ஓடு. வேலை நின்னு 14 வருசம் ஆச்சு. ஆப்பிரிக்கா அண்டி விலை ஏறுனது, வியட்நாம்ல மிஷின்ல உடைச்சு குறைஞ்ச விலைக்கு அனுப்பத் தொடங்குனது, பேங்க் கடன், எல்லாம் சேர்ந்து அப்பாவால தாக்குப்பிடிக்க முடியல. 2017ல ஒக்கி புயல் அடிச்சப்ப பக்கத்து விளையில, அதாவது தோட்டத்துல, நின்ன அயனிமரம் தல்லுற ஹால் மேல சாஞ்சு ஒரு மூலை ஓடு மொத்தமா போச்சு, அதுல இருந்து மழை நேரா உள்ளதான்.

போன வாரம் பூட்டத் திறந்து உள்ள போனேன். தல்லுற கல்லு எல்லாம் வரிசை கலையாம அப்படியே இருக்கு. ஒவ்வொரு கல்லு நடுவுலயும் அண்டி வச்சு அடிச்சு அடிச்சு ஒரு குழி விழுந்திருக்கு, கட்டைவிரல வச்சா சரியா உக்காருது. பின்னால சுவர்ல, தரையில உக்காந்தா முதுகு படுற உயரத்துக்கு, ஹால் நீளத்துக்கும் வழவழன்னு ஒரு கருப்புப் பட்டை. எத்தன பேர் எத்தன வருசம் சாஞ்சு உக்காந்தா அப்படி ஆகும்னு நினைச்சுட்டு கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன்.

அண்ணன் இடிச்சிரலாம்னு சொல்லுதான். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாசம் திறந்ததுல இருந்து குடோனுக்கு இடம் உண்டான்னு புரோக்கர் ரெண்டு பேர் வந்துட்டுப் போயாச்சு, தரையை நிரத்தி ஷீட் போட்டா வாடகை வரும்னு அவன் கணக்கு. அவன் சொல்லுததுலயும் தப்பு இல்ல, கடன் பாக்கி இருக்கு. எனக்கு என்ன தோணுதுன்னா முன்னால உள்ள குடோன 4 கடையா பிரிக்கலாம், கிரேடிங் ஹால டிஎன்பிஎஸ்சி படிக்குற பிள்ளையளுக்கு படிக்குற இடமா ஆக்கலாம், தோலி ஹால்ல தையல் யூனிட், வறுக்குற ஷெட்ட திறந்தபடி விட்டு சாயங்காலச் சந்தை. கட்டடம் தாங்குமா, இப்படி ஒரே காம்பவுண்டுல கலந்து வச்சா அனுமதி கிடைக்குமா, பிழைக்குமா?

தக்கலை_சிவில்:

தம்பி, பழைய வீடு ரிப்பேர்தான் எனக்க தொழில். நீங்க எழுதுனத வச்சுப் பாத்தா இடிக்க வேண்டிய கட்டடமா தெரியல, ஆனா நேர்ல பாக்காம உறுதி சொல்ல மாட்டேன். முதல்ல கூரை. கடை, சந்தை, படிக்குற ஹால் எல்லாம் அப்புறம் யோசிக்கலாம், இடவப்பாதி தொடங்குறதுக்கு முன்ன அந்த மூலைய மூடுங்க, ஓடு கிடைக்கலன்னா தார்ப்பாயாவது கட்டுங்க. நம்ம ஜில்லாவுக்கு இடவப்பாதின்னு தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழைன்னு வடகிழக்குப் பருவமழையும் உண்டு, கூரை ஓட்டையா ஒரு வருசம் கெடந்தா அதுக்குக் கீழ உள்ள சுவர் ரெண்டு மழை குடிக்கும். எங்க ஊர்ல பத்மநாபபுரம் அரண்மனை அத்தன மரத்தோட இன்னும் நிக்குதுன்னா கேரளா தொல்லியல் துறை கூரையை விடாம பாக்கதுனாலதான்.

ஓட்ட ஒவ்வொண்ணா இறக்கி விரலால தட்டிப் பாருங்க, கிண்ணுன்னு சத்தம் வந்தா நல்லது, மண்சட்டி கீறுன மாதிரி சத்தம் வந்தா ஒதுக்கி வைங்க. 100 சதுரடிக்கு ஏறக்குறைய 150 ஓடு பிடிக்கும். குறையுறதுக்கு புது ஓடு தேடி அலையாதீங்க, பழைய வீடு இடிக்குற இடத்துல அதே அளவு ஓடு கிடைக்கும், கொளுவி சரியா மாட்டுதான்னு ஒண்ணு போட்டுப் பாத்து வாங்குங்க. ஓட்டத் தாங்குற சாய்வு மரம் கழுக்கோல், அது சுவருக்குள்ள போற நுனிய மட்டும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, செதல் அங்கதான் முதல்ல ஏறும், நடுமரம் நல்லா இருந்தா நுனிய வெட்டி புது மரம் ஒட்டிரலாம், முழுசா மாத்தணும்னு இல்ல.

சுவருக்கு சிமெண்ட் பூசவே பூசாதீங்க. இத எல்லாரும் தப்பா செய்யுதாங்க, நானும் ஆரம்பத்துல செஞ்சிருக்கேன். வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்த இழுத்து வெளிய விடும், மேல சிமெண்ட் பூசுனா ஈரம் உள்ளயே நின்னு ரெண்டு மூணு வருசத்துல உப்பு பூத்து, கல்லு பொடிஞ்சு, பூச்சு பாளம் பாளமா வரும். நீத்துன சுண்ணாம்பு, மணல், கருப்பட்டித் தண்ணி, கடுக்காய்த் தண்ணி, இது தெரிஞ்ச கொத்தனார் இன்னும் ஜில்லாவுல உண்டு. சுவர்ல ஆலங்கன்னு முளைச்சிருந்தா பிடுங்காதீங்க, கல்லோட சேர்ந்து வரும், தண்ட வெட்டி வேரக் கொன்னுட்டு அப்படியே விட்டு அடைங்க.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, வறுக்குற ஷெட்டுத் தரையும் சுவரும் தோட்டெண்ணெய், அதான் அண்டித் தோட்டுல இருந்து வடியுற எண்ணெய், குடிச்சிருக்கும். அது தோல்ல பட்டா பொள்ளும், தீப்பிடிச்சா அணைக்குறது கஷ்டம். அந்தத் தரைய ஒரு அடி தோண்டி மாத்தாம அங்க அடுப்பு வைக்குற கடையே வரக் கூடாது. மும்பையில பழைய மில் காம்பவுண்டுகள ஹோட்டல், ஆபீஸ்னு மாத்துனாங்க இல்லையா, கமலா மில்ஸ் வளாகத்துல 2017 டிசம்பர்ல மொட்டமாடி ரெஸ்டாரன்ட்ல தீப்பிடிச்சு 14 பேர் செத்தாங்க. உங்க ஹாலுக்கு எதிரெதிரா ரெண்டு வாசல் இல்லன்னா சுவர ஒடச்சாவது வைங்க. தீயணைப்பு ஆபீஸ்ல பிளான் போடுறதுக்கு முன்னயே போய்ப் பேசுங்க. புகைக்கூண்டுக்கு தூக்குக்குண்டு போட்டு சாய்வு பாக்கணும், இடிதாங்கி வைக்கணும், ரெண்டும் சரின்னா அது பாட்டுக்கு நிக்கட்டும்.

அம்மைக்க_மக:

நீங்க எழுதுன அந்த கருப்புப் பட்டைய வாசிச்சுட்டு என்னால உக்கார முடியல, அதான் எழுதுதேன்.

எனக்க அம்மை 22 வருசம் அண்டியாபீசுக்குப் போனா. உங்க ஆபீசான்னு தெரியாது, பக்கத்துலதான். விடியக்காலம் சோறு பொங்கி வச்சுட்டு, பழைய சேலைய மடக்கி இடுப்புல செருகிட்டுப் போவா, உக்காருறதுக்கு அதுதான் மெத்தை. கைல சாம்பல் தடவிட்டுத்தான் தல்லணும், இல்லன்னா எண்ணெய் பட்டு தோல் உரியும், சாம்பல் தடவுனாலும் உரியும். ஸ்கூல்ல சேக்கப் போன அன்னைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால கையெழுத்து போட கைய நீட்டாம முந்தானைக்குள்ளயே வச்சிருந்தா, அப்ப எனக்குப் புரியல. தல்லுறதுல இருந்து தோலி எடுக்க மாறுனப்ப பெரிய சந்தோசம், அப்புறம் கிரேடிங் கிடைச்சப்ப வீட்டுல பாயசம் வச்சா. 320ன்னா ஒரு பவுண்டுக்கு 300ல இருந்து 320 பருப்பு, அது மிஷின் இல்லாம கண்ணால பாத்தே பிரிப்பா. இப்பவும் எங்க வீட்டுல பருப்பு பாக்கெட் வாங்குனா தட்டுல கொட்டி விரலால தள்ளித் தள்ளி பிரிச்சுட்டுத்தான் டப்பால போடுவா. கிலோ கணக்குக்குத்தான் கூலி, உடைஞ்சு போனா அதுக்குப் பிடிப்பு.

நீங்க நல்லதுக்குத்தான் கேக்கீங்க, அது தெரியுது. கட்டடம் நிக்கணும்னுதான் நானும் சொல்லுவேன், ஆனா அந்த ஹால சுத்தமா வெள்ளையடிச்சு விளக்கு போட்டு, போட்டோவுக்கு அழகா ஆக்கிட்டு, அதுக்குள்ள ஒரு காபிக்கு எங்க அம்மைக்க ஒரு நாள் கூலி விலை வச்சீங்கன்னா அவ வாசல்ல இருந்தே திரும்பிருவா. அங்க வேல செஞ்சவங்க எல்லாரும் இப்ப 60, 70 வயசு. அந்த ஊர்லதான் இருப்பாங்க. அவங்களக் கூப்பிட்டுக் கேளுங்க. எங்க என்ன நடந்துச்சு, எந்த மூலையில தண்ணி கட்டும், எந்த ஜன்னல்ல காத்து வரும்னு இன்ஜினியருக்கும் தெரியாதது அவங்களுக்குத் தெரியும். இன்னொண்ணு, யாருக்காவது பிஎஃப், கிராஜுவிட்டி பாக்கி இருந்தா கடை திறக்குறதுக்கு முன்ன அத முடிங்க அண்ணா. கோவத்துல சொல்லல.

அப்புறம் கக்கூஸ். எங்க அம்மை போன ஆபீஸ்ல அத்தன பொம்பளைக்கு ரெண்டுதான். உங்க பிளான்ல அத முதல்ல வரைங்க.

பத்திர_எழுத்து:

சுருக்கமா. முதல்ல மூலப்பத்திரத்த மலையாளம் நல்லா தெரிஞ்ச ஆள் கிட்ட குடுத்து மொழிபெயர்த்து, இப்ப உள்ள பட்டா, வில்லங்கம் ரெண்டோடயும் எல்லைய ஒத்துப் பாருங்க. பழைய பத்திரத்துல தென்னை, மாமரம், அடுத்த விளைக்காரன் பேரு இதுதான் எல்லையா இருக்கும், சர்வே நம்பர் மாறியிருக்கும்.

அண்ணன் சொல்லுதான்னு எழுதுனீங்க, அத்தைமார் இருக்காங்களா? கிறிஸ்தவக் குடும்பம்னா கவனம். பழைய திருவிதாங்கூர் சட்டம் 1916ல போட்டது, அதுல பெண்ணுக்கு ஸ்திரீதனத்தோட சரி. மேரி ராய் கேஸ்ல 1986ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும்னு சொல்லியாச்சு. நம்ம ஜில்லாவும் பழைய திருவிதாங்கூர்தான். பாட்டா உயில் எழுதாம போயிருந்தா அத்தைமாருக்கும் சம பங்கு, அவங்க கையெழுத்து இல்லாம எந்த பேங்கும் கடன் தராது, எந்த வாடகைக்காரனும் பெரிய அட்வான்ஸ் தர மாட்டான்.

அனுமதின்னா தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019தான் இப்ப. தொழிற்சாலையா இருந்தத கடை, ஹால்னு மாத்துறதுக்கு நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல நில உபயோகம் என்னன்னு எழுத்துல வாங்குங்க. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் கிட்டன்னா உங்க கிராமம் மலையிடப் பாதுகாப்பு லிஸ்ட்ல வருதான்னும் கேளுங்க. கரண்ட் கனெக்‌ஷனும் கடைக்குத் தனியா மாத்தணும். 2012 பாரம்பரிய ஆணையச் சட்டத்த நம்பி இருக்காதீங்க, லிஸ்ட்ல இல்லாத தனியார் கட்டடத்துக்கு அது காவல் நிக்காது.

நாரோயில்_மில்லு:

எங்க குடும்பத்துல ஒரு பழைய ரைஸ்மில்ல இப்படி மாத்துனோம், நாரோயில்ல. பட்டத வச்சு சொல்லுதேன்.

நாங்க கொச்சி போய் ஆஸ்பின்வால் ஹவுஸ்னு பழைய வியாபாரக் கம்பெனி கட்டடம் பாத்துட்டு வந்து அதே மாதிரி செய்யலாம்னு ஆரம்பிச்சோம். அங்க 2012ல பினாலேன்னு பெரிய கலைக் கண்காட்சி தொடங்குச்சு, ஆனா அது ஃபோர்ட் கொச்சி, சும்மாவே ஆளு நடந்துட்டு இருக்குற இடம். நம்ம ஜில்லாவுக்கு வாறவன் கன்னியாகுமரியில சூரியன் பாப்பான், திற்பரப்புல குளிப்பான், போயிருவான். உங்க உள்ரோட்டுக்கு அவன் வரமாட்டான். ஆர்ட் கேலரி வச்சோம், 7 மாசம். அப்புறம் அத எடுத்துட்டு ஒரு சித்த மருந்துக் கடை, ஒரு ஸ்டேஷனரி, ஜெராக்ஸ், பின்னால டியூஷன்னு விட்ட பிறகுதான் கரண்ட் பில்லு தானா கட்டுச்சு. தினமும் ஊர்க்காரனுக்கு ஒரு வேலையாவது அங்க இருக்கணும்.

மொத்தத்தையும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க. ரோட்டோரத்துக் குடோன மட்டும் முதல்ல சரி பண்ணி 4 கடை விடுங்க, அந்த வாடகைல அடுத்த ஹால் ஓடு மாத்துங்க. பார்க்கிங்கு 72 சென்ட்ல 20 சென்ட் போயிரும்னு இப்பவே நினைச்சுக்கிடுங்க. தேன் விக்கவங்களுக்கு ஒரு கடை குடுங்க, மார்த்தாண்டம்னா ஒய்எம்சிஏ காலத்துல இருந்தே தேன்தான், அது கேட்டு வெளியூர்க்காரனும் வருவான். அண்ணன் கிட்ட சண்டை போடாதீங்க, அவன் கேக்குற வாடகைக் கணக்கையும் உங்க கணக்கையும் ஒரே பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. இடிக்குற கூலி, மண்ணு நிரத்துற செலவு, புது ஷீட் எல்லாம் அவன் பக்கத்துல சேக்க மறந்திருப்பான்.

அம்மைக்க_மக:

அண்ணா, டியூஷன்ல பிள்ளையளுக்கு ஃபீஸ் எவ்வளவு?

நாரோயில்_மில்லு:

ஹாலுக்கு வாடகை மட்டும்தான் நாங்க வாங்குவோம் அக்கா, ஃபீஸ் அவங்க வைக்கது. ஆனா அக்ரிமெண்ட்ல பக்கத்துத் தெருப் பிள்ளையளுக்கு பாதி ஃபீஸ்னு எழுதி வாங்குனோம், அது நடக்கு.

கருங்கல்_ரோடு:

எல்லாருக்கும் நன்றி. மூணு நாளா இதத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கேன்.

அத்தைமார் மூணு பேர் உண்டு, உயில் இல்ல. சத்தியமா அவங்க கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல, நானும் கேக்கல. நேத்து பெரியத்தைக்குப் போன் போட்டேன், முதல்ல பேசல, அப்புறம் சின்ன வயசுல பாட்டாவுக்கு சாயா கொண்டு போய்க் குடுத்தது, போர்மா ரூம் வாசல்ல நின்னா வாசத்துலயே பசிக்கும்னு எல்லாம் சொன்னா. பத்திரத்த அவளே வாசிப்பாளாம், பழைய மலையாளம் மீடியம். தக்கலை அண்ணே, தார்ப்பாய் வாங்கியாச்சு, கழுக்கோல் நுனி நாலு இடத்துல ஸ்க்ரூடிரைவர் உள்ள போகுது, போட்டோ அனுப்புதேன், வர முடியுற நாள் சொல்லுங்க. வறுக்குற ஷெட்டுக்கு பூட்டு போட்டாச்சு, சந்தை யோசனைய இப்போதைக்கு தள்ளி வைக்கேன், முன்னால உள்ள குடோன்தான் முதல்ல. அண்ணன் கணக்கு எழுதிக் காட்டச் சொல்லியிருக்கான்.

அக்கா, பாட்டாவோட பழைய சம்பள ரிஜிஸ்டர் அலமாரில கெடச்சுது, செதல் பாதி தின்னுருக்கு, ஆனா கடைசி வருசத்துப் பேரு எல்லாம் வாசிக்க முடியுது, 86 பேர். பாக்கி யாருக்குன்னு அதுல இருந்து எடுக்கேன். வாற ஞாயித்துக்கிழமை 3 மணிக்கு ஆபீஸ் கதவு திறந்து வைக்கோம், ஊர்ல அறிஞ்சவங்க கிட்ட எல்லாம் சொல்லியாச்சு. அம்மையையும் கூட்டிட்டு வாங்க. தெக்கு வாசல்ல படி இல்ல, நேரா நடந்து வரலாம். நாற்காலி போட்டிருப்போம்.